சித்தி பெயரில் ஒரு பாட்டில்

பரிசோதனை நிலையங்களில் எனக்கு நல்ல பெயர் கிடையாது. சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் சிறுநீரைக் குப்பியில் பிடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடுவார்கள். நான் போக மாட்டேன். மூடியில் ஒரு தடவை, குப்பியில் ஒரு தடவை என் பெயரை எழுதுவேன். அங்கிருக்கும் பெண் லேபிளை ஒட்டி அதை எனக்கு வாசித்துக் காட்டும்வரை கவுன்டரை விட்டு நகர மாட்டேன். போன மாதம் விருதுநகரில் இப்படி நின்றபோது, வரிசையில் பின்னால் இருந்த பெரியவர், “இதைப் போயி யாரும் களவாங்க மாட்டாகம்மா” என்று ஆறுதல் சொன்னார். ஐம்பதைத் தொடப்போகிற, அலமாரி நிறையப் புத்தகம் வாசித்த ஒரு பெண்மணி தன் சிறுநீருக்குத் தானே காவல் நிற்பது அழகில்லைதான். ஆனால் பாட்டிலில் பெயர் மாறினால் என்ன ஆகும் என்பது அந்த வரிசையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போது எனக்குப் பத்து வயது. சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணை போகிற சாலையில் இறங்கி, வேலிக்கருவை முள்காட்டுக்கு ஊடே கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் ஊர். அப்பா லாரியோடு போனவர். மாதம் ஒருமுறை விருந்தாளி போல வருவார். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். அம்மாவின் தங்கையான என் சித்தி எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவளுக்கு வேலை பயர் ஆபீசில். பட்டாசு ஆலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஆபீஸ் என்றதும் மின்விசிறியும் மேசையும் கற்பனை செய்தால் நான் பொறுப்பில்லை. சித்தி இருந்தது பொடி ரூமில். அலுமினியப் பொடியைச் சலித்துக் கொடுக்கிற வேலை.

மாலையில் வேனை விட்டு இறங்கும்போது சித்தி வெள்ளிக் கவசம் சாத்திய அம்மன் மாதிரி இருப்பாள். இமை மயிர்கூட மினுங்கும். நான் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொள்வேன். அவள் உள்ளங்கையை என் கன்னத்தில் வைத்து அழுத்துவாள். ஐந்து விரலும் வெள்ளியில் பதியும். அவள் தலைமுடியைத் தட்டி, உதிர்கிற பொடியில் நான் மணிக்கட்டில் வளையல் போட்டுக்கொள்வேன். அவள் வேலைக்குக் கட்டிப் போகிற சேலைதான் எனக்குப் போர்வை. தெருப் பிள்ளைகளில் மினுமினுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். அந்தக் கர்வத்தில் சரியாக முகம்கூடக் கழுவ மாட்டேன்.

அந்த ஆனி மாதம் மதுரையிலிருந்து டாக்டர்கள் ஜீப்பில் வந்தார்கள். பயர் ஆபீசில் வேலை பார்க்கிறவர்களின் உடம்புக்குள் என்னென்ன போகிறது என்று ஆராய்ச்சி செய்யப் போகிறார்களாம். பொடி ரூம் பெண்கள் ஆளுக்கொரு பாட்டிலில் சிறுநீர் கொடுக்க வேண்டும். கூடவே, வந்த சனத்தை வீணாக்க வேண்டாம் என்று வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தடுப்பூசி. வருகிறவர்களுக்கு ஒரு சோப்பு இலவசம். சோப்பு இல்லாவிட்டால் ஆராய்ச்சி முதல் நாளிலேயே முடிந்திருக்கும்.

எனக்கு ஊசி என்றால் பயம். ஒரு பையனுக்கு ஊசி எலும்பில் மாட்டிக்கொண்டது, குறட்டால் பிடுங்கினார்கள் என்று என் வகுப்பில் ஒரு செய்தி உலவியது. செய்தியைச் சொன்னவளே அதை நடித்தும் காட்டினாள். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சித்திக்கு ஊசி பயமில்லை. அவள் பயமெல்லாம் அந்தப் பாட்டில்மேல். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை சாத்தூர்; சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் வேலை. தையில் முகூர்த்தம். பூ வைக்க வந்த அன்றே சித்தி இரண்டு தடவை இருமியதை மாப்பிள்ளையின் அம்மா எண்ணிவிட்டுப் போயிருந்தாள். இப்போது வேனில் ஒரு பேச்சு. பாட்டிலில் கோளாறு என்று வந்தால் பேரைக் காகிதத்தில் எழுதிவிடுவார்கள், எழுதினால் வேலையும் போகும், வீடு தேடி வந்த சம்பந்தமும் போகும் என்று. சித்தி இதை அம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. வேனில் வருகிற இன்னொருத்தியிடம் கிசுகிசுத்ததை நான் போர்த்திப் படுத்திருந்த சேலைக்குள்ளிருந்து கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் முகாம். ஒரு மேசையில் பாட்டில்கள். இன்னொரு மேசையில் ஊசி. ஸ்பிரிட் அடுப்பில் தண்ணீர் கொதிக்க, தட்டுக்குள் ஊசிகள் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தன. என்னைப் போலவே அவையும் பயந்து நடுங்குவதாகப் பட்டது. முதலில் ஒரு டாக்டரம்மா பேசினார். இந்தச் சிறு பாட்டிலை வைத்து உடம்புக்குள் இருப்பது எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடலாம் என்றார். எல்லாவற்றையும் என்ற சொல் என்னை என்னவோ செய்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு என்று வாங்கி வைத்திருந்த காராச்சேவில் பாதி எனக்குள்தான் இருந்தது.

பாட்டிலை வாங்கிக்கொண்ட சித்தி, துணைக்கு என்று சொல்லி என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போனாள். அங்கே வேலிக்கருவை அடர்ந்து கிடந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டுப் பாட்டிலை என் முன்னால் நீட்டினாள்.

“ஏட்டி, நீ இதுல இருந்து குடு. ஊசிக்கார சிஸ்டர்கிட்ட நான் சொல்லிக்கிடுறேன், ஒனக்குப் பள்ளிக்கூடத்துல போட்டாச்சுன்னு.”

உலகத்தில் இதைவிட நல்ல ஒப்பந்தம் இருக்க முடியாது என்று நினைத்தேன். ஆனால் காலையிலிருந்து பயத்தில் நிமிடத்துக்கு ஒருதரம் முட்டிக்கொண்டிருந்தது, வேண்டிய நேரத்தில் வரவில்லை. சித்தி கைக்குழந்தைக்குச் செய்வதுபோல ஸ்ஸ்ஸ் என்று ஒலி எழுப்பிக்கொண்டே, யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒருவழியாகக் காரியம் நடந்தது. சித்தியின் பெயர் ஒட்டிய பாட்டில் என்னால் நிரம்பியது.

ஊசி மேசையில் இருந்த சிஸ்டர் விருதுநகர்க்காரர். கழுத்தில் சிறிய சிலுவை, கண்ணில் பெரிய கண்ணாடி. சித்தி சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, எந்தக் கையில் போட்டார்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். நான் வலது கையைக் காட்டினேன். அதே நொடியில் சித்தி இடது என்றாள்.

“ரெண்டு கையிலயும் போட்ருக்காக போல. மூணாவதா ஒண்ணு போட்டா ஒண்ணும் ஆகாது, வாத்தா,” என்றார் சிஸ்டர்.

ஊசி எலும்பில் மாட்டவில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் என் பங்கு மட்டும் நிறைவேறியது.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதம் என் வாழ்க்கையிலேயே நீளமானது. மதுரையில் ஏதோ ஓர் எந்திரம் அந்தப் பாட்டிலைக் குடித்துவிட்டு, இது இருபத்திரண்டு வயதுப் பெண் இல்லை, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் கள்ளி என்று உரக்கச் சொல்லும் காட்சி கண்ணை மூடினால் வந்தது. சாலையில் ஜீப் சத்தம் கேட்டால் தானியம் கொட்டி வைக்கிற குலுக்கைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். போலீசு முதலில் என்னைப் பிடிக்குமா சித்தியைப் பிடிக்குமா என்று வகுப்பில் பொதுவாக விசாரித்துப் பார்த்தேன். பாட்டிலில் இருந்தது யாருடையதோ அவரைத்தான் பிடிப்பார்கள் என்று வாத்தியார் மகள் தீர்ப்புச் சொன்னாள். அவள் ஏன் என்று கேட்காதது என் அதிர்ஷ்டம். சித்தியோ பாரம் இறங்கியவள்போல் இருந்தாள். சாயங்காலம் பாட்டு முனகினாள். கல்யாணச் சேலைக்கு என்ன கரை எடுப்பது என்று என்னிடம்கூட யோசனை கேட்டாள்.

ஆவணியில் மற்றவர்களின் காகிதங்கள் கட்டாகப் பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்தன. சித்தியின் காகிதம் அதில் இல்லை. அதை எடுத்துக்கொண்டு சிஸ்டரே வீட்டுக்கு வந்தார். நான் குலுக்கைக்குப் பின்னால் போவதற்குள் வாசலுக்கு வந்துவிட்டார். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். சித்தி அன்று காய்ச்சல் என்று லீவு.

சிஸ்டர் சத்தம் போடாமல்தான் பேசினார். பொடியில் இருக்கிற அந்த உலோகம், இருக்க வேண்டிய அளவுக்கு மேல் இருக்கிறது. பயப்படுகிற கட்டம் இல்லை. பொடி ரூமை விட்டுப் பேக்கிங்குக்கு மாறிக்கொண்டால் போதும், மெல்லக் குறைந்துவிடும். பேர் வெளியே போகாது, இது ஆராய்ச்சிக்கு மட்டும்தான், கல்யாண வீட்டுக்குத் தெரிய வேண்டியதில்லை. எல்லாவற்றையும் அவரே யோசித்து வைத்திருந்தார். சித்தி தலையாட்டியிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

எனக்கு ஒன்றுதான் விளங்கியது. சித்திக்காக நான் எழுதிய பரீட்சையில் நான் பெயில். அடி விழப் போகிறது.

சித்தி காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“பயர் ஆபீசு பக்கமே போகாத சின்னப் பிள்ளைக்கு இது வருமா சிஸ்டர்?”

“அதெப்பிடிம்மா வரும்? பொடியோட வீட்டுக்கு வந்து பிள்ளையத் தூக்குனா, அந்தத் துணியிலயே படுக்க வச்சா, அப்பிடி வந்தாத்தான் உண்டு.”

சித்தி திரும்பி என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பயர் ஆபீசுகளில் எங்கோ வெடித்தால் ஊரே வீட்டை விட்டு ஓடிவந்து புகை எந்தத் திசையில் என்று பார்க்கும். அப்போது பெண்களின் முகம் அப்படி இருக்கும். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

“அது என் பாட்டில் இல்ல சிஸ்டர்,” என்றாள் சித்தி. “இவளோடது.”

காட்டிக் கொடுத்துவிட்டாள். பாட்டிலை நீட்டியவளும் அவளே, மாட்டிவிட்டவளும் அவளே. எனக்கு அந்த இடத்திலேயே போய்விட்டது. மதுரைக்காரர்களுக்கு இரண்டாவது பாட்டிலுக்கும் தேவையானது அங்கேயே கிடைத்திருக்கும்.

சிஸ்டர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுநாளே எங்கள் இரண்டு பேரையும் விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். பிள்ளையைக் கூட்டிப் போவதென்றால் அம்மாவிடம் சொல்லாமல் முடியாது. அம்மாவிடம் சொன்னால் தெருவுக்குத் தெரியாமல் முடியாது. அன்று சாயங்காலம் அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுததை நாலு வீடு கேட்டது. மறுநாள் காலை வேன் அந்தச் சேதியை ஏற்றிக்கொண்டு போனது. அந்த வாரக் கடைசிக்குள் சாத்தூரிலிருந்து ஒரு பெரியவர் வந்து, பையனுக்கு ஜாதகத்தில் ஏதோ தடை தெரிகிறது என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டு, காப்பி குடிக்காமல் போனார்.

சித்தியின் சொந்தப் பாட்டில் எதிர்பார்த்தபடியே என்னுடையதைவிட மோசமாக வந்தது. பேக்கிங்குக்கு மாற்றிக் கேட்டபோது, தீபாவளி சீசன் முடியாமல் ஆளை மாற்ற முடியாது என்று போர்மேன் கையை விரித்தார். தீபாவளிக்கு மிச்சமிருந்த இரண்டு மாதமும் சித்தி வேனிலிருந்து இறங்கி நேரே தெருக்குழாய்க்குப் போனாள். சேலையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டு, வெடவெடத்தபடி ஈரத்தோடு வீட்டுக்குள் வருவாள். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் பார்த்தால், “கிட்ட வராத, போ அங்கிட்டு” என்று கையை நீட்டித் தடுப்பாள். வேலைச் சேலையை வெளியே வேலியில் போட்டுவிடுவாள். பாயைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள். ஒருநாள் அந்தச் சேலையை நான் தொட்டதற்கு ஓங்கி ஓர் அறை விட்டாள். அறைந்துவிட்டு அவளே அழுதாள்.

நான் அதை இப்படித்தான் புரிந்துகொண்டேன். என்னால் அவள் கல்யாணம் நின்றுபோனது. என் பாட்டில் நன்றாக இருந்திருந்தால் அவளுக்கு நல்ல மார்க் வந்திருக்கும். அதனால் என்னைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. இதைச் சரிசெய்ய ஒரே வழி என் உள்ளே இருப்பதைக் கழுவுவது என்று முடிவெடுத்து, வயிறு வலிக்கிற அளவுக்குச் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தேன். சாமியிடம் கேட்டேன். சிலுவை போட்ட சிஸ்டரின் சாமியிடமும், ஒரு பாதுகாப்புக்கு, கேட்டுவைத்தேன். பொங்கலுக்குப் பிறகு எடுத்த பாட்டிலில் எனக்கு அளவு இறங்கிவிட்டது என்று சிஸ்டர் சொன்னபோது சித்தி என்னைத் தூக்கிக்கொண்டாள். பத்து வயதுப் பிள்ளையை, ஆஸ்பத்திரி வராந்தாவில், எல்லோர் முன்பும். தண்ணீர் வேலை செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்தையும் கண்டுகொள்ளாமல், சொன்னால் ஊர் என்ன சொல்லும் என்றும் பாராமல், ஒரு பிள்ளைக்காக ஒரு பெண் வாயைத் திறந்தாள் என்பதோ, அந்த முதுகு கோபத்தில் திரும்பிய முதுகு இல்லை என்பதோ எனக்கு விளங்க இருபது வருடம் ஆனது. பிள்ளை பெற்று, அதன் காய்ச்சலுக்கு நான் விழித்திருந்த பிறகுதான் விளங்கியது.

சித்தி இப்போது மல்லாங்கிணறு என்ற ஊரில் இருக்கிறாள். அடுத்த வருடம் வேறு இடத்தில் கல்யாணமாகி, அந்த மனிதர் அவள் இருமலை எண்ணாமல் காலம் தள்ளிவிட்டார். போன தீபாவளிக்குப் போயிருந்தபோது, எல்லாவற்றையும் சேர்த்துவைத்து, அவளிடம் சொன்னேன். பொடி எனக்கு ஆகாது என்றுதானே சித்தி நீ என்னைத் தள்ளித் தள்ளிப் படுத்தாய், அப்போது எனக்குத் தெரியவில்லையே என்றேன். சொல்லும்போதே என் வாக்கியங்கள் நன்றாக அமைந்திருப்பதாக எனக்கே பட்டது.

சித்தி முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டு முடித்தாள்.

“அதுவுந்தான்,” என்றாள். “ஆனா நீ தூக்கத்துல காலால எத்துவட்டி. அந்த ரெண்டு மாசந்தான் நான் நிம்மதியாத் தூங்குனேன்.”