சீதனப் பீப்பாய்

எங்கள் மாடிக் குடியிருப்பில் கரண்ட் போனால் கீழே ஜெனரேட்டரைப் போடுவார்கள். போட்டதுமே மருமகள் ஓடி ஓடி ஜன்னல்களைச் சாத்துவாள். நான் மெதுவாக எழுந்து பால்கனியில் போய் நிற்பேன். "என்ன மாமி, பொகைய மோந்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேட்பாள். என்னவென்று சொல்வது? மல்லிகைப்பூ வாசத்தில் தங்கள் கல்யாணத்தை நினைத்துக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். எனக்கு டீசல் வாசத்தில்தான் கல்யாணம் ஞாபகம் வரும். சிரிப்பதென்றால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அப்பா இலங்கையில் நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் எஞ்சின் டிரைவர். டிரைவர் என்றதும் லொறி ஓட்டினார் என்று நினைத்துவிட வேண்டாம். அவருடைய எஞ்சின் ஓர் அறைக்குள் சிமெந்துத் தரையோடு பூட்டப்பட்டு, நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். கொழுந்து அரைக்கும் மெஷின்கள் எல்லாம் அதன் பலத்தில்தான் சுற்றின. அப்பாவின் சட்டை, தலையணை, அவர் சாப்பிட்ட தட்டு எல்லாவற்றிலும் டீசல் மணக்கும். சண்டை வந்தால் அம்மா, "போய் ஒங்க எஞ்சினோடயே குடும்பம் நடத்துங்க" என்பாள். எல்லா அப்பாக்களும் அப்படித்தான் மணப்பார்கள் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தவள் நான்.

தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளை லயம் என்போம். எங்கள் மேட்டு லயம் ஃபெக்டரிக்கு மேலே இருந்தது. எனக்கு மாப்பிள்ளை பார்த்தது அதே தோட்டத்தில், ஃபெக்டரிக்குக் கீழே இருந்த பள்ளத்து லயத்தில். அறுபதுகளின் கடைசி அது. பள்ளத்து லயத்தில் எல்லாம் சௌகரியம்தான், தண்ணீரைத் தவிர. ஓடைத் தண்ணீரைத் தகரக் குழாய் வழியாக விழவைப்பதைப் பீலி என்போம். அவர்களுடைய பீலிக்குப் போக ஒரு செங்குத்தான பாதை. மழைக்காலத்தில் அதில் குடத்தோடு ஏறுவதற்குள் பாதித் தண்ணீர் சேலைக்குப் போய்விடும். நிச்சயம் பண்ணப் போன அன்று அப்பா மாப்பிள்ளையைப் பார்த்தாரோ இல்லையோ, அந்தப் பாதையை நன்றாகப் பார்த்துவிட்டு வந்தார்.

வந்தவர் ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, டீசல் தீர்ந்த இரும்புப் பீப்பாய் ஒன்றைக் கேட்டு வாங்கினார். அந்தக் காலத்தில் அது லேசில் கிடைக்காத சாமான். கூரையோரம் வைத்தால் மழைத் தண்ணீர் முழுவதும் அதில் விழும். "எம்புள்ள கொடத்தத் தூக்கிக்கிட்டு அந்தப் பாதையில வழுக்கி விழக்கூடாது" என்றார். மற்றவர்கள் பெண்ணுக்குப் பித்தளை அண்டா கொடுத்தார்கள். எனக்கு வந்தது பீப்பாய். எனக்கு உள்ளூர வெட்கமாகத்தான் இருந்தது.

பீப்பாயின் வாசம் போக வேண்டுமே? பதுளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர், காரச்சோடா போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றினால் எல்லாம் கழன்று வந்துவிடும் என்று சொல்லிவிட்டார். கழன்றுதான் வந்தது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அப்பா ஃபெக்டரிக்குப் பின்புறத்துக் கழிவுநீர்க் கானில் பீப்பாயைச் சாய்த்துப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினார். நான் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். கானில் ஓடிய தண்ணீரில் மயில் கழுத்து நிறம் விரிந்து விரிந்து போனது. அந்த நிறத்தில் ஒரு சேலை கிடைக்காதா என்று ஆசையாக இருந்தது. கான் ஓடையில் போய் விழுகிறது, ஓடை கீழே பள்ளத்து லயத்துக்குப் போகிறது என்பதெல்லாம் எங்கள் இருவருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் தண்ணீரில் விட்டது போய்விடும் என்றுதானே எல்லோரும் நினைக்கிறோம்.

மறுநாள் காலையில் என் வருங்கால மாமியார் கையில் ஒரு வாளியோடு மேட்டு லயத்துக்கு ஏறி வந்துவிட்டார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பீலிக்கு அடியில் ஒரு கல். அந்தக் கல்லுக்கடியில் ஒரு மலை நண்டு குடியிருந்தது. காலையில் அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் குடத்தை வைப்பார். நண்டு நடமாடினால் தண்ணீரில் குறையில்லை என்று அர்த்தம். அன்றைக்கு வாளிக்குள் அந்த நண்டு மல்லாந்து கிடந்தது.

"யாரோ ஓடையில மருந்த ஊத்திட்டாங்கண்ணே. அண்டாவுல புடிச்சி வச்ச தண்ணி பூராவும் நாறுது. நண்டும் செத்துப் போச்சு. சகுனம் சரியில்ல, தள்ளி வைப்போம்னு எங்க ஆளுங்க பேசிக்கிறாங்க."

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தள்ளிவைத்த கல்யாணங்கள் எத்தனை நடந்திருக்கின்றன என்று எனக்குத் தெரியும். அப்பா பேசாமல் இருந்திருக்கலாம். யாரோ மருந்து ஊற்றினார்கள் என்றே அது முடிந்திருக்கும். அவரோ வாளிக்குள் பார்த்தார், குனிந்து மோந்தார். தன் சட்டையின் வாசம் அவருக்குத் தெரியாதா?

"நாந்தான் தங்கச்சி ஊத்துனேன்" என்றார். "நேத்து பீப்பா கழுவுனேன்."

மாமியார் முற்றத்தில் பளபளவென்று நின்ற பீப்பாயைப் பார்த்தார். "யாருக்கு இது?"

"ஒங்க வூட்டுக்குத்தான். புள்ள அந்தப் பாதையில தண்ணி தூக்கிக் கஷ்டப்படக்கூடாதுன்னு..."

மாமியார் வாளியைக் கீழே வைத்தார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "அப்ப கல்யாணத்துக்குத் தண்ணிய நீங்கதான்ணே தூக்கணும். குறிச்ச நாள்லயே கல்யாணம் நடக்கும்னு எங்க ஆளுங்ககிட்ட சொல்லிப்புடுறேன்" என்றார்.

தூக்கினார். எங்கள் மேட்டுப் பீலியில் பிடித்த தண்ணீரை அப்பா தோளில் காவடியாகக் கட்டிக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கினார். அவர் தனியாகத் தூக்குவதைப் பார்க்கமாட்டாமல் லயமே குடமும் வாளியுமாகக் கிளம்பிவிட்டது. மாலையில் மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தார். தளும்பும் வாளியோடு எங்கள் வாசலைக் கடந்தபோது அவர் என்னைத் திரும்பிப் பார்த்ததில் பாதி வாளி காலில் கொட்டிவிட்டது. நான் அவரைச் சரியாகப் பார்த்தது அப்போதுதான். எனக்குப் பிடித்துப்போனது.

அப்படியும் பாயாசத்தில் லேசாக மணத்தது; அரிசி ஏற்கெனவே அந்த டீசல் தண்ணீரில் ஊறியிருந்தது. மாப்பிள்ளை இரண்டாம் முறை வாங்கிக் குடித்து, "மாமா வூட்டு வாசம்" என்றார். பீப்பாய்த் தண்ணீரும் ஒரு வருஷம்வரை மணத்துக்கொண்டே இருந்தது. காலையில் தேத்தண்ணீரைக் கையில் வாங்கும்போதெல்லாம், "எஞ்சின ஸ்டார்ட் பண்ணவா?" என்று கேட்டே என் மானத்தை வாங்கினார், மகராசன்.

எஞ்சினைத் துடைத்த கழிவெண்ணெயும் அத்தனை வருஷமாக அந்தக் கானில்தான் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அப்பா அதை ஊற்றவில்லை, தகரத்தில் சேர்த்து வைத்தார். மற்ற ஷிப்டில் வந்தவர்கள் ஊற்றியதை அவரால் நிறுத்த முடியவில்லை. பல மழை கழித்து ஒருநாள் மாமியார் ஆளனுப்பினார், பீலிக்கு ஒரு நண்டு வந்திருக்கிறது என்று. அப்பா வேலைச் சட்டையோடு ஓடி வந்தார். ஆனால் பாதை முடியும் இடத்தில் ஒரு கொய்யா மரத்தடியில் நின்றுவிட்டார்.

"கிட்ட வந்து பாருங்கண்ணே."

"வேணாம் தங்கச்சி. சட்டையெல்லாம் எண்ணெ. இங்கயிருந்தே பாத்துக்கிறேன்."

அவ்வளவு தூரத்தில் நண்டு தெரிந்திருக்காது. தெரிந்த மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அழுகை வருகிறது.

பிறகு உலகத்தில் எங்கோ எண்ணெய் விலை ஏறியது. கொழுந்து காயவைக்கும் அடுப்புக்கு எண்ணெய்க்குப் பதிலாக விறகு போட்டார்கள்; அதற்காக ஓடைக்கு மேலே இருந்த காட்டை வெட்டினார்கள். ஓடை வருஷத்துக்கு வருஷம் மெலிந்தது. நாங்கள் பிழைப்புக்குக் கொழும்புப் பக்கம் வந்தோம். அப்பா, அம்மா, மாமியார் என்று ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள்; கடைசியாக என் வீட்டுக்காரரும்.

போன வருஷம் மகன் என்னை அங்கே கூட்டிப்போனான். ஃபெக்டரிக்குக் கூரை இல்லை. எங்கள் பீப்பாய் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் பீப்பாய்கள் வரிசையாக நின்றன. பீலி வற்றிவிட்டதாம், தண்ணீர் பவுசர் லொறியில்தான் வருகிறதாம். நாங்கள் குடியிருந்த பழைய ஒற்றை அறைக் காம்பராவில் இருந்த பெண் முகம் தெரியாத எனக்குத் தேத்தண்ணீர் கொடுத்தாள்.

"கொஞ்சம் டீசல் மணக்கும்மா, கோவிச்சுக்காதீங்க. பவுசர் தண்ணி அப்பிடித்தான்."

மணத்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். மகன் வேண்டாம் என்று சாடை காட்டினான். அவனுக்கு என்ன தெரியும்?

பிறகு பீலி இருந்த இடத்துக்கு இறங்கிப் போனேன். தகரக் குழாயைக் காணோம். கல் மட்டும் அங்கேயே கிடந்தது. சிரமப்பட்டுப் புரட்டினேன். அடியில் காய்ந்த மண்ணும் எறும்புகளும் இருந்தன. கல்லை முன்பிருந்தபடியே வைத்துவிட்டுப் பாதைக்கு ஏறினேன். கொய்யா மரமும் இல்லை. அது எங்கே நின்றது என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் அப்பா நின்றது போலக் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தேன்.