விரலால் சொன்ன ஆமென்

ஜீவனஹள்ளியில் நம் சபைக்கு வருகிறவர்களில் என் ஆமென் சத்தத்தைக் கேட்காதவர் இல்லை. நான் சொன்னால் பக்கத்துத் தெரு நாய் எழுந்து நிற்கும் என்று போதகரே கேலி செய்வார். போன மழைக்காலத்தில் அந்த வாயைத்தான் ஒரு குழாய் அடைத்தது.

மஞ்சள் காமாலை என்று படுத்தேன். சில நாட்களில் பேச்சு குழறியது. பெற்ற மகளையே யார் என்று கேட்டேனாம். கல்லீரல் செயலிழந்து, விஷம் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். நினைவில்லாதவனுக்கு எச்சில்கூட நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால் தொண்டையில் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் வைத்தார்கள். அதைப் பிடுங்கப் போனேன் என்று இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டினார்கள்.

எனக்கு லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டியவர்கள் கதவைத் தட்டுவதை வெளியே நின்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இப்போது உள்ளே நான். தட்டக் கையில்லை, கத்த வாயில்லை. மூச்சுகூட என்னுடையது இல்லை. இயந்திரம் தள்ளினால் நெஞ்சு ஏறும், விட்டால் இறங்கும். மற்றதெல்லாம் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். அந்தப் பயம் மட்டும் முழுசாக இருக்கிறது. ஆண்டவரைக் கூப்பிட ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை.

கண்ணைத் திறக்கவும் கையை அழுத்தவும் சொல்லி, "கண்ணு பிடி, கை ஒத்தி" என்று நர்ஸ் தினமும் கன்னடத்தில் கேட்பாராம். நான் அசையவில்லை. என் மனைவி ஸ்டெல்லாவிடம் டாக்டர், "இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம்மா. நீங்களும் மனசத் தேத்திக்கணும்" என்றிருக்கிறார்.

எங்கள் வீட்டில் ஜெபம் அவள் செய்வாள், ஆமென் நான் சொல்வேன். நான் சொல்லாமல் சோற்றில் கை வைக்க மாட்டாள். அன்று சாயங்காலம் என் விரல்களைப் பிடித்துக்கொண்டு, "இவரைத் திருப்பிக் குடும் ஆண்டவரே" என்று ஜெபித்தவள், வழக்கப்படி நிறுத்திக் காத்திருந்தாள். பிறகு, "சொல்லுங்க" என்றாள்.

அது எனக்கு எட்டியது. சொல்ல வேண்டியது என் முறை என்று தெரிந்தது. நாக்கு குழாய்க்கு அடியில் கிடந்தது. அவள் விரலை அழுத்தினேன்.

"சிஸ்டர், அமுக்கினாரு" என்றாள்.

"தானா துடிச்சிருக்கும்மா" என்றார் நர்ஸ்.

"இன்னொரு வாட்டி ஜெபம் பண்றேன். நீங்களே கையப் பிடிச்சுப் பாருங்க."

மறுபடி ஜெபித்தாள், மறுபடி நிறுத்தினாள். இந்த முறை நான் அழுத்தியது நர்ஸின் விரலை. அவர் டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தேன். குழாயை எடுத்த அன்று தொண்டையில் வெறும் காற்றுதான் வந்தது. அந்தக் காற்றில் என்ன சொன்னேன் என்று உங்களுக்கே தெரியும். குரல் இன்னும் பழையபடி ஆகவில்லை; நாய்க்கு நிம்மதி. எனக்கும் குறையில்லை, மூச்சு என்னுடையது. அதைத் தந்தவருக்கு ஸ்தோத்திரம்.

முன்பெல்லாம் லிஃப்டில் ஆள் மாட்டினால் பேசாமல் வேலையைத் தொடங்குவேன். இப்போது முதலில் கதவில் வாய் வைத்து, "பயப்படாதீங்க, நான் இங்கதான் நிக்கறேன்" என்கிறேன். உங்களில் யாராவது ஜெபிக்கவும் வார்த்தை வராமல் மாட்டிக் கிடந்தால், விரலையாவது அசையுங்கள். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நிற்கிறார்.