நெப்ராஸ்காவில் எழுபத்திரண்டு படங்கள்

சாலையோரத்தில் வரலாற்றுப் பலகை ஒன்றைக் கண்டால் விக்னராஜா காரை ஓரங்கட்டிவிடுவார். இறங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிப்பார். பிறகு பலகைக்குப் பக்கத்தில், அதைத் தொடாமல், நேராக நின்று படம் எடுக்கச் சொல்வார். “எழுத்து முழுக்க விழோணும். என்ரை கால் வெட்டுப்பட்டாலும் காரியமில்லை.”

டூங்கபி என்கிற புறநகரில் குடியிருக்கிறார். ரயில்வேயில் பாலங்களுக்கு வரைபடம் வரைகிற வேலை. சுவரில் படம் கோணலாகத் தொங்கினால், அது பிறர் வீடானாலும், எழுந்துபோய் நிமிர்த்தாமல் உட்காரமாட்டார்.

எழுபத்தாறாம் ஆண்டு ஜூலையில் மூன்று வாரம் அமெரிக்கா போய் வந்தார். மகன் சிறி நெப்ராஸ்காவில் படிக்கிறான். தகப்பனும் மகனும் அந்த மாநிலத்தின் குறுக்கே காரில் போனார்கள். மனைவி யோகராணிக்கு, வேலை பார்க்கும் மருத்துவமனையில் லீவு கிடைக்கவில்லை. மகனைப் பார்த்து ஐந்து வருடம் ஆகிறது அவருக்கு.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் யன்னல் திரைகளை இழுத்து மூடி, சுவரில் வெள்ளைப் படுக்கைவிரிப்பைக் குத்தி, அக்கம்பக்கத்தவர்களான எங்களுக்கு ஸ்லைடு கருவியில் படம் காட்டினார். இரண்டு சுருள், எழுபத்திரண்டு படம். முதல் படத்தில் ஒரு பலகை, விக்னராஜா. இரண்டாவதில் வேறு பலகை, அதே விக்னராஜா.

“பிளாட் எண்ட ஆத்தங்கரையாலைதான் குடியேற வந்தவையின்ரை வண்டில்கள் மேற்கை போனது. மரமில்லாத நாடு. புல்லோடை மண்கட்டியை வெட்டி அடுக்கி வீடு கட்டினவை. ஆளுக்கு நூற்றறுபது ஏக்கர் அரசாங்கம் சும்மா குடுத்தது.”

“ஆரின்ரை காணியை?” என்றார் பக்கத்துத் தெரு கணேசலிங்கம்.

“பாவ்னி எண்ட சனத்தின்ரை. அவையைத் தெற்கை அனுப்பிப்போட்டினம். அது அடுத்த பலகையிலை வரும்.”

“அந்தச் சனத்துக்குப் பலகைதான் மிச்சமாக்கும்.”

யோகராணி தேத்தண்ணித் தட்டோடு நின்றார். “பிள்ளை எங்கை?”

“அவன்தானே படம் எடுத்தவன்.”

“எழுபத்திரண்டையும்?”

“அவன் எடுத்தால் நேராய் வரும்.”

“மெலிஞ்சிட்டானோ எண்டு நான் கேட்கிறன், நீங்கள் புல்லு வீடு எண்டுறியள்.”

கணேசலிங்கம் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

ஐம்பதைத் தாண்டி ஒரு படம் வந்ததும் விக்னராஜா அவசரமாகப் பொத்தானைத் தேடினார். “இது பழுது. வெயில் பின்னாலை நிண்டது, நிழல் விழுந்திட்டுது.” பலகைக்கு முன்னால் புல்வெளியில், கமராவைப் பிடித்த முழங்கைகள் இரண்டும் உயர்ந்தபடி ஒரு நிழல்.

“மாத்தாதேங்கோ.”

தட்டை வைத்துவிட்டு யோகராணி விரிப்பின் ஓரமாகப் போய் நின்றார். நிழல் அவருடைய இடுப்புக்குத்தான் வந்தது. “இப்ப என்ன உயரம் அவன்?”

விக்னராஜா எழுந்து, கருவி இருந்த மேசையைப் பின்னால் இழுத்தார். படம் பெருத்து, பலகை விரிப்பைத் தாண்டி மேலே ஏறியது. எழுத்துகள் கூரையில் மடங்கின; நிழல் யோகராணியின் தோளுக்கு வளர்ந்தது. ஒரு கையைத் தன் தலைக்கு மேல் நான்கு விரல் உயரத்தில் பிடித்துக்கொண்டு, மறுகையால் இன்னும் கொஞ்சம் இழுத்தார்.