காற்று வந்த பக்கம் ஓடிய அக்கா

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த மலர்ப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். நியாயமாகப் பார்த்தால் இதை எழுத வேண்டியவர் அக்காதான். எங்கள் வீட்டில் கையெழுத்து நன்றாக இருந்தது அவருக்கு மட்டும்தான். என் விடுப்புக் கடிதம் முதல் சொந்தக்காரர்களின் கல்யாணப் பத்திரிகை வரை எல்லாம் அவர் எழுதியது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என்னிடம் இந்த ஒரு வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

அக்கா பிறந்தது திருவொற்றியூர் குப்பத்தில். வீட்டு வாசலிலிருந்து கடலுக்கு எழுபது காலடி என்று சிறுவயதில் எண்ணி வைத்திருந்தார். இப்போது எண்ணினால் அதில் பாதிகூட வராது. கடல் நெருங்கி வந்துவிட்டது, கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் கிழக்கு மேற்கு என்று யாரும் பேசியதில்லை. கடல் பக்கம், ரோட்டுப் பக்கம், அவ்வளவுதான். "அந்தக் குண்டானைக் கடல் பக்கமா தள்ளி வை" என்றுதான் அம்மா சொல்வார்.

அப்பா போட்டில் போனவர். மத்தியானத்தில் கடல்காற்று கிளம்பிய பிறகு எங்கள் இருவர் கண்ணையும் துண்டால் கட்டி, நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, "சொல்லு, கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்பார். நான் தலை சுற்றி மணலில் விழுவேன். அக்கா அசையாமல் நின்று, முகத்தில் காற்றை வாங்கி, கையை நீட்டுவார். ஒரு தடவைகூட தப்பாகக் காட்டியதில்லை. இந்த விளையாட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். பரீட்சை எழுதிய கையோடு அக்கா எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டின் வாசலில் வேலைக்குச் சேர்ந்தார். உள்ளே வரும் லாரி எண்ணையும் வெளியே போகும் லாரி எண்ணையும் எழுதும் வேலை. இருபத்தைந்து வருடம் புழுதியில் நின்று எழுதினார். என்னை ஐடிஐயில் படிக்கவைத்தது அந்தக் கைதான். கல்யாணம் வேண்டாம் என்றார். அதில் அவருக்கோ அம்மாவுக்கோ எனக்கோ குறை இருந்ததில்லை. குறைப்பட்டவர்கள் எல்லாரும் இன்று இந்தப் பந்தலில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள், அக்கா உங்கள் மேல் கோபமாக இல்லை.

நாற்பத்தொன்றாவது வயதில் சர்க்கரை வந்தது. நடக்கச் சொன்னார் டாக்டர். விடியற்காலையில் ரப்பர் செருப்போடு நடந்துகொண்டிருந்தவரை, ராயபுரத்திலிருந்து ஓடி வந்த ஒரு கூட்டம் தினமும் கடந்துபோயிற்று. அதன் தலைவர் தாமஸ் அண்ணன், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். ஒருநாள் அவர் வேகத்தைக் குறைத்து, "இன்னாம்மா, டெய்லி பாக்குறோம். அந்த கம்பம் வரைக்கும் சும்மா ஓடித்தான் பாரேன்" என்றாராம். அக்கா ஓடினார். அடுத்த கம்பத்தையும் தொட்டுவிட்டு வந்தார். மறுவாரம் ஷூ வாங்கினார். வெள்ளை ஷூ. எங்கள் ஊரில் ஓடுவதற்கு வெள்ளை ஷூ வாங்கிய ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். நிலக்கரித் தூசியில் நாலே நாளில் அது கறுப்பாகிவிட்டது.

அந்தக் கூட்டத்துக்கு வருடம் முழுவதும் ஒரே கனவு, மே மாதத்து மலை ஓட்டம். ஜவ்வாது மலையில் காலை ஏழு மணிக்குக் கிளம்பி, காட்டுப் பாதையில் முப்பது கிலோமீட்டர் ஏறி இறங்கி, மத்தியானம் ஒரு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். ஒரு மணிக்கு விசில் ஊதினால் முடிந்தது, அதற்குப் பிறகு வருபவர் கணக்கில் இல்லை. வடசென்னையில் மலைக்கு எங்கே போவது? ரயில் பாதைக்கு மேல் போகும் பாலத்தில்தான் பழகினார்கள். ஒரு காலைக்குப் பன்னிரண்டு தடவை ஏறி இறங்குவார்கள். "இன்னாக்கா, யாராச்சும் தொரத்துறாங்களா?" என்று லாரிக்காரர்கள் கேட்பார்கள். "உன் வண்டி நம்பர் எனக்குத் தெரியும், யார்டுக்கு வா பேசிக்கலாம்" என்பார் அக்கா.

ஒரு தடவையாவது அந்த மலையை ஒரு மணிக்குள் முடிக்க வேண்டும். அக்கா தனக்கென்று ஆசைப்பட்டு நான் பார்த்தது இது ஒன்றுதான். வேறு எதையும் அவர் கேட்டதில்லை. புடவைகூட அம்மா எடுத்துக் கொடுத்ததைத்தான் கட்டுவார்.

முதல் வருடம் பாலத்தில் ஏறுவதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். பாலம் இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடும், மலை இறங்கவில்லை. பாதி வழியில் கெண்டைக்கால் பிடித்து, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்கு வந்து, "மலை பெரிசாத்தான்டா கீது" என்று ஆச்சரியமாகச் சொன்னார்.

இரண்டாம் வருடம் நானும் போனேன், தயிர்சாதத் தூக்கோடு. கிளம்பும் முன் தாமஸ் அண்ணன் எல்லாரையும் நிற்கவைத்து, "போற வழியெல்லாம் செவப்பு ரிப்பன் கட்டிக்கீது. வழி தப்பிட்டா ஒன்னே ஒன்னு நெனப்புல வெச்சிக்கோங்க, முடியிற எடம் கெழக்கால கீது" என்றார். அக்கா தலையாட்டினார். அவருக்குக் கிழக்கு என்றால் கடல்.

பதினொன்றரைக்கே சிலர் வந்துவிட்டார்கள். அக்கா நன்றாக ஓடிக்கொண்டிருப்பதாக அவர்கள் சொன்னார்கள். பன்னிரண்டரைக்கு எழுந்து நின்றேன். ஒரு மணிக்கு விசில் ஊதி, பேனரை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். வியாசர்பாடியிலிருந்து வரும் செல்வி, அக்காவோடு தினமும் பாலத்தில் ஓடும் பெண், அன்று ஓடாமல் தண்ணீர் கொடுக்க வந்திருந்தாள். அவளும் நானும் காட்டுப் பாதையையே பார்த்தபடி நின்றோம். ஒன்று நாற்பதுக்கு முதுகுப் பக்கம் குரல் கேட்டது. "இந்தாடா, பலாச்சொள. தேனு மாதிரி கீது." ஊருக்குள்ளிருந்து வரும் தார் ரோட்டில், உடம்பெல்லாம் செம்மண்ணோடு, வாழையிலைப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டு அக்கா நின்றார்.

நடந்தது இதுதான். கடைசி மலைச்சரிவில் பாதை இரண்டாகப் பிரிகிறது. அங்கே கட்டியிருந்த ரிப்பனை ஆடு தின்றுவிட்டது. வெயில் உச்சந்தலையில் நிற்கிறது, நிழல் எந்தப் பக்கமும் இல்லை. அப்போது முகத்தில் குளுகுளுவென்று காற்று அடித்திருக்கிறது. மத்தியானக் காற்று, அப்படியானால் கடல் அந்தப் பக்கம், அப்படியானால் கிழக்கு. அக்கா காற்று வந்த பக்கம் ஓடிவிட்டார். மலையில் அந்த நேரத்துக்குக் காற்று மேற்கிலிருந்து வரும் என்று குப்பத்தில் பிறந்தவர்களுக்கு யார் சொல்லித் தருவது?

எல்லார் முன்னாலும் நான் சொன்னேன்: "கடலைத் தேடி மலையேறின மொத ஆளு நீதாங்கா." கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அக்காவும் சிரித்தார். அந்த வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒரு வருடமாக இதை நினைத்து வருந்தாத நாள் இல்லை, அதனால் உங்கள் எல்லார் முன்னாலும் எழுதிவைக்கிறேன்.

திரும்பி வரும் வேனில் ஆம்பூர் தாண்டும் வரை அக்கா கையில் காய்ந்திருந்த செம்மண்ணைச் சுரண்டிக்கொண்டே வந்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"சிரிக்காத கேளு. கண்ண மூடினு நின்னேன்டா. காத்து வந்துச்சு பாரு, நம்ம வூட்டு காத்தேதான். அப்பா பின்னாடி நின்னுகினு, சொல்லு எந்தப் பக்கம்னு கேக்குற மாதிரி இருந்துச்சு. ஓட ஆரம்பிச்சிட்டேன். அடுத்த திருப்பத்துல கடல் தெரியும், அதுக்கடுத்த திருப்பத்துல தெரியும்னு போயினே இருந்தேன். மரத்துக்கு நடுவுல வெளிச்சம் வந்தா அலைதான்னு நெனச்சேன். காலு வலி, ஒன்னியும் தெர்ல. அப்டி ஒரு சந்தோசமா நான் ஓடினதே இல்ல."

"கடைசில இன்னா தெரிஞ்சுது?"

"ஒரு அம்மா. வாசல்ல சாமை பொடைச்சிகினு இருந்தாங்க. நான் போன வேகத்துல, கடல் எங்கம்மான்னு கேட்டுட்டேன். பாவம், மெரண்டுட்டாங்க. உக்காரவெச்சு தண்ணி குடுத்து, அப்பறமா பலாப்பழம் குடுத்தாங்க."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அடுத்த வருடம் நிச்சயமாக முடித்துவிடுவதாகச் சொன்னார்.

அடுத்த வருடத்துக்குள் வயிற்றில் கட்டி என்றார்கள். மார்கழியிலிருந்து அரசு மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். சித்திரை முடிவதற்குள் அக்கா பாதியாகிவிட்டார். ஓட்டத்துக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்திருந்ததால், மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டை வந்தது. செல்வி கொண்டுவந்து கொடுத்ததை அம்மா கடல் பக்கத்து ஜன்னல் திரையில் குத்திவைத்தார். காற்று அடிக்கும்போதெல்லாம் அது படபடக்கும். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவார்.

ஓட்டத்தன்று காலை ஏழு மணிக்கு, "இந்நேரம் கெளம்பிருப்பாங்க" என்றார். பத்து மணிக்கு, "இப்ப ஓடை தாண்டிருப்பேன்" என்றார். பன்னிரண்டு மணிக்கு ஜன்னல் வழியே கடல்காற்று வந்தது. அட்டை ஆடியது. என் கையைப் பிடித்தார்.

"டேய், அந்த ரெண்டு பாதை கிட்ட ஒரு ஆள் நிக்கணும்டா. ரிப்பன ஆடு துன்னுடுது."

"அடுத்த வருசம் நான் நிக்கிறேங்கா."

"காலைலயே நின்னுட்டு வந்துடாத. காத்து வர்றப்ப இருக்கணும். அப்பதான் நம்ம ஆளுங்க தப்பா போவாங்க."

"சரிக்கா."

கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்து, "மணி இன்னா?" என்றார்.

"ஒன்னு அஞ்சு."

"இந்த வாட்டியும் லேட்டு" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். உதட்டில் சிரிப்பு இருந்தது.

ஆடி மாதத்தில் ஒரு காலை, அம்மா தலையை வாரிவிட்டுக்கொண்டிருக்கும்போதே அக்கா போய்விட்டார். மூன்றாம் நாள் மாமாவின் ஃபைபர் போட்டில், அலை தாண்டிப் போய் அஸ்தியைக் கரைத்தேன்.

இந்த மே மாதம் நான் அந்த இரண்டு பாதை பிரியும் இடத்தில் போய் நின்றேன். தாமஸ் அண்ணன் ஒரு பச்சைக் கொடியும் ஒரு கட்டு ரிப்பனும் கொடுத்தார். ஆடுகள் வந்தன, விரட்டினேன். ரிப்பனை விட்டுவிட்டு என் கொடியைக் கடித்தன. ஓடி வந்தவர்களுக்கெல்லாம் வழி காட்டினேன். பன்னிரண்டு மணி வாக்கில் காற்று வந்தது. அக்கா சொன்னது உண்மை. எல்லாம் தெரிந்து, கொடி பிடித்து நிற்கும் என் உடம்பே அந்தப் பக்கம் திரும்பியது. மரங்களுக்கு அப்பால் அலைச் சத்தம் கேட்பதுபோல் இருந்தது. கண்ணை மூடினால் திருவொற்றியூர்.

கண்ணைத் திறந்தபோது கடைசி ஆளாகச் செல்வி வந்துகொண்டிருந்தாள். முட்டியில் ரத்தம். என்னைப் பார்க்காமலே காற்று வரும் பாதையில் இரண்டு எட்டு வைத்துவிட்டாள்.

"ஏ, அங்க போகாத! காத்த முதுகுல வாங்கினு ஓடு!"

"மணி இன்னாண்ணா?"

"பன்னெண்டு இருவது. முடியும், போ!"

ஓடினாள். விசிலுக்கு மூன்று நிமிடம் முன்னால் முடித்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. மறுநாள் மெடலைக் கொண்டுவந்து அக்காவின் படத்துக்கு மாட்டப் போனாள். அம்மா கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். "நீ ஓடினது உன் கழுத்துல இருக்கட்டும்மா. வாங்காதத மாட்டினா எம்பொண்ணு கோச்சுப்பா" என்றார். இன்று செல்வி அதைப் போட்டுக்கொண்டுதான் பந்தி பரிமாறுகிறாள்.

அக்காவை இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட மருத்துவமனைச் செவிலியர்கள், வாசலில் லாரிகளை நிறுத்தி வழியனுப்பிய யார்டு தோழர்கள், போட் கொடுத்த மாமா, தாமஸ் அண்ணனும் பாலத்தில் ஓடும் அத்தனை பேரும், தெருவுக்கே சமைத்துப் போட்ட பக்கத்து வீட்டு அண்ணிகள் எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் விட்டுப்போனவர்கள் மன்னிக்க வேண்டும்.

பெயரே தெரியாத ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அன்று செல்வி போன பிறகு, நான் முடியும் இடத்துக்குப் போகவில்லை. கொடியைச் சுருட்டிக்கொண்டு காற்று வந்த பாதையில் நடந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் கடல் தெரியப்போகிறது என்றே இருந்தது. கடைசித் திருப்பத்தில் ஒரு வீடு. வாசலில் ஓர் அம்மா முறத்தோடு உட்கார்ந்திருந்தார். என் சட்டையிலிருந்த ஓட்டக்குழுவின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரெண்டு வருசத்துக்கு முன்ன இதே மாதிரி சட்டை போட்டுக்கிட்டு ஒரு அம்மா ஓடி வந்தாங்க. கடல் எங்கன்னு கேட்டாங்க. எனக்கு வழி சொல்லத் தெரியல. அப்புறம் அவங்க கடலைப் பாத்துட்டாங்களா?"

"பாத்துட்டாங்கம்மா" என்றேன். "நான்தான் கூட்டினு போனேன்."