படத்தில் இருந்த கறுப்புத் திட்டு

தேயிலை ஃபேக்டரியில் மூட்டை தூக்குகிறவனுக்கு இடுப்பு போனால் பிழைப்பு போனது. எனக்கு இடது கால் மரத்துப்போக ஆரம்பித்ததும் டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். ஆபரேஷன் வேண்டுமா இல்லையா என்பது படத்தைப் பார்த்த பிறகுதானாம்.

ஸ்கேன் எடுக்கிறவர் ஃபோனில் பேசிக்கொண்டே, "வாட்ச், செயின், மோதிரம் கழட்டிட்டீங்களா?" என்றார். தலையாட்டினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அரைஞாணில் இருந்த தாயத்து எனக்கு நினைவே வரவில்லை. கயிறு மாறுமே தவிர, தாயத்து சின்ன வயதிலிருந்து இடுப்பிலேயே கிடக்கிறது. உடம்போடு ஒட்டிப்போனதைப் பொருள் என்று யார் எண்ணுவார்கள்?

ரிப்போர்ட் மறுநாள்தான் வரும் என்று படத்தை மட்டும் கொடுத்தார்கள். எங்கள் ஊர் அரவேணுவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், கூட வந்த மச்சினன் அதை டீக்கடை வாசலில் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். அவன் குன்னூரில் கிளார்க். ஃபைல் தூக்குகிறவனுக்குத் தெரியாத வைத்தியம் உண்டா? முதுகெலும்புக்குப் பின்னால் கறுப்பாக ஒரு திட்டு இருந்தது.

"கட்டிதானுங்க மாமா."

கடைக்காரர் வடை எண்ணெய்க் கையோடு வாங்கிப் பார்த்தார். "வேர் விட்டிருக்குது பாருங்க."

அடுத்த கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "லேட் பண்ணாதீங்க," என்றார். படத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். ஒருவரும் திருத்தவில்லை. கால் எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்கவும் இல்லை. நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வராது. நான் வீடு சேருமுன்பே சேதி சேர்ந்துவிட்டது. என் மனைவி அடுப்பைப் பற்றவைக்காமல் அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் டாக்டர் படத்தைப் பார்த்ததுமே, "இடுப்புல என்ன கட்டியிருந்தீங்க?" என்றார். திரும்பி, சட்டையைத் தூக்கி முதுகுப்பக்கம் கிடந்த தாயத்தைக் காட்டினேன். செம்புக் குழாய், உள்ளே இரும்புத் தகடு.

"இரும்பு இருந்தா படம் இப்படித்தான் கெடும். இது கட்டியில்ல. கழட்டி வச்சுட்டு மறுபடி எடுங்க."

மச்சினன் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது படத்தில் முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு கொஞ்சம் பிதுங்கியிருந்தது, அவ்வளவுதான். ஆபரேஷன் வேண்டாம், மாத்திரையும் பயிற்சியும் போதும், சில மாதம் பாரம் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். ஃபேக்டரியில் அதுவரை இலை உலர்த்தும் மாடியில் வேலை தர ஒத்துக்கொண்டார்கள்.

மச்சினன் முகம் விருந்து நின்றுபோனவன் முகம் போலிருந்தது. "எதுக்கும் கோயமுத்தூர்ல பெரிய டாக்டர் ஒருத்தர்கிட்ட காட்டிரலாமுங்க மாமா."

"நீ போய்க் காட்டிக்க," என்றேன்.