உடைந்ததாகவே கட்டிய கோபுரம்

புலம்பெயர்ந்து வந்த நாட்டில், புவாண்ட்-கிளேர் என்ற இடத்தில் நான் வேலை செய்த களஞ்சியத்துக்குப் பின்னால், ஏரிப் பக்கமாக, தலை இடிந்த ஒரு கற்கோபுரம் நின்றது. அது என்னவென்று வேலையிடத்தில் விசாரித்தேன். பழைய காற்றாலை என்றார் ஒருவர். தண்ணீர்த் தாங்கி என்றார் இன்னொருவர். காற்றாலை என்றால் இறக்கை பூட்டிய அடையாளம் எங்கே? எந்தப் பதிலும் எனக்குப் பொருந்தவில்லை.

எங்கள் ஊரில் போர்நிறுத்தம் வந்து, யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலம் அது. ஒரு கோடையில் கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று வேலியில் அறிவித்தல் தொங்கியது. நாங்கள் குடியிருந்த லாசாலில் இருந்து பஸ் பிடித்துப் போவதில் என் கணவருக்கு விருப்பமில்லை.

"இடிஞ்சதைப் பார்க்க லீவு நாளில போகவேணுமோ?" என்றார். ஆனாலும் வந்தார்.

உள்ளே சுழன்று ஏறிய படிகள் பாதியில் வெறும் சுவரில் முட்டி நின்றன. மேற்பகுதி எப்போது விழுந்தது என்று, சுற்றிக்காட்டிய பெண்ணிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். அது விழவேயில்லையாம். அந்தக் காணியில் மாளிகை வைத்திருந்த ஒரு பணக்காரர், விருந்தாளிகள் பார்த்து ரசிக்கப் பாழடைந்த கோட்டையொன்று வேண்டுமென்று, உடைந்த தோற்றத்திலேயே கட்டுவித்தாராம். இப்போது சாந்து உதிர்ந்து உண்மையாகவே இடியத் தொடங்கிவிட்டது. அதனால்தான் இந்தத் திருத்தவேலை. ஆனால் உடைவை அடைக்கமாட்டார்கள். அது அப்படியே நிலைக்கத்தான் இத்தனை பாடும்.

கணவருக்குத் தமிழில் சொன்னேன். அவர் உடைவின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். கற்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன.

"ஷெல் விழுந்தா இப்பிடி உடையாது," என்றார்.

ஊரில் ஷெல் விழுந்த அவருடைய பெற்றோரின் வீட்டில் முன்சுவர் மட்டுமே மிஞ்சியிருந்தது. அதை என்ன செய்வதென்று அவர் தமையன் தொலைபேசியில் கேட்டபடியிருந்தார். இவர் பிறகு பார்ப்பம் என்று நாளைக் கடத்திக்கொண்டு வந்தார். திரும்பும்போது பஸ்ஸில், "என்ன யோசிக்கிறியள்?" என்று கேட்டேன்.

"நாளைக்கு அண்ணைக்குக் கோல் எடுப்பம். அந்தச் சுவரை இடிச்சுப்போட்டுப் புதுசாக் கட்டட்டும்."

"அப்ப இந்தக் கோபுரம்?"

"இது இருக்கட்டும். இதுக்குள்ள ஒருத்தரும் சாகேல்லையே."

மறுநாள் காலையிலேயே தமையனுடன் கதைத்தார். அடுத்த ஆண்டு அங்கே வீடு எழும்பியது.

சாரம் இறக்கியபின், ஒரு மதிய இடைவேளையில் கோபுரத்தடிக்குப் போனேன். எது பழைய கல், எது புதுக்கல் என்று சுற்றிச்சுற்றித் தேடினேன். பிடிபடவில்லை.