பல்லக்கின் முன் இடது தண்டு

ஹெர்மீனாவைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்டால், நான் அவள் பக்கத்து வீட்டுக்காரி, அவ்வளவுதான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர்கூட மடத்திலிருந்து பிடுங்கி வந்த கல்லால் கட்டியது. எங்கள் ஊர் யாவோரின்காவில் எந்தச் சுவரைத் தட்டினாலும் அது மலைமேல் இருந்த பிரான்சிஸ்கன் மடத்தின் ஒரு துண்டாகத்தான் இருக்கும். இருநூறு வருடத்துக்கு முன்னால் வியன்னாவிலிருந்து எங்களை ஆண்ட பேரரசருக்கு ஜெபம் மட்டும் செய்துகொண்டிருக்கும் துறவிகள் பிடிக்கவில்லை. மடத்தை இழுத்து மூடிவிட்டார். துறவிகள் ஒரு பக்கம் போனார்கள். பெரிய மணி டுபோவ்கா கிராமத்துக்குப் போனது. அவர்கள் அதை அடிக்கும்போதெல்லாம் இன்றும் எங்களுக்கு வயிறு எரியும். கூரை ஓடுகள் எங்கே போயின என்று மட்டும் எங்களைக் கேட்காதீர்கள். என் பன்றிக் கொட்டகை வாசலில் ஒரு சம்மனசின், அதாவது தேவதூதனின், கல் சிறகு இருக்கிறது. பன்றிகள் அதில்தான் முதுகு சொறிந்துகொள்ளும்.

ஒன்றை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றினோம். கையில் குறடும் குறட்டில் ஒரு பல்லுமாக நிற்கும் புனித அப்பொலோனியாவின் மரச் சுரூபம் அது. பல்வலிக்காரர்களின் தாய் அவள். மடம் மூடிய நாளில், மலைப்பாதையில் இறங்கிய ஆண்களையெல்லாம் சிப்பாய்கள் சோதனை போட்டார்களாம். நான்கு கன்னிப் பெண்கள் சுரூபத்தைப் போர்வையில் சுற்றி, "சிநேகிதிக்குக் கடுமையான பல்வலி, வாய் திறந்தா நாத்தம் தாங்காது" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒரு சிப்பாயும் கிட்டே வரவில்லை. அதனால் செப்டம்பர் முதல் ஞாயிறன்று நான்கு கல்யாணமாகாத பெண்கள் அவளைப் பல்லக்கில் வைத்து மேலே அவள் பழைய வீடான மடத்துக்குத் தூக்கிப் போவார்கள். கூரையில்லாத கோவிலில் பூசை முடிந்ததும் கீழே கொண்டுவருவார்கள். கழுத்து நீட்டியவள் தண்டைத் தொடக் கூடாது. இன்னாருக்கு இன்னார் என்று சாமியார் கோவிலில் திருமண ஓலை வாசித்துவிட்டாலே அவள் கழுத்து நீட்டியவள் கணக்குதான். ஏன் என்று கேட்டால், அப்படித்தான்.

ஹெர்மீனா பதினேழு வயதில் முன் இடது தண்டுக்குத் தோள் கொடுத்தாள். அப்போது பாலர் பள்ளி ஆசிரியையாகப் படித்துக்கொண்டிருந்தாள். அது சாமியே கிடையாது என்ற பொதுவுடைமைக் கட்சி ஆண்ட காலம். யார் யார் மலையேறுகிறார்கள் என்று புதருக்குப் பின்னால் நின்று பார்க்க ஆள் போட்டிருந்தார்கள். பின்னால் போகிறவர்கள் தலையைக் குனிந்து தப்பிக்கலாம், முன் தண்டில் இருப்பவள் எங்கே ஒளிவது? படிப்பு போயிற்று. பள்ளிச் சமையலறையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். "குழந்தைங்க அங்கயும்தானே வருதுங்க, அதுவும் பசியோட," என்று சொல்லிவிட்டு சூப் அண்டாவைத் தூக்க ஆரம்பித்தாள். அந்த அண்டாக்கள் தந்த புஜம் ஊரில் எந்த ஆணுக்கும் கிடையாது.

டிராக்டர் ஓட்டும் ஒருவன் அவளைக் கேட்டு வந்தான். "அந்தக் கட்டைய விட்டுட்டு என்னைக் கட்டிக்க," என்றான். "கட்டை வாய் பேசாது, அது ஒரு வசதி," என்றாள் இவள். அவன் டுபோவ்காவில் பெண் எடுத்தான். நானும் அவளுக்குப் பின்னால் இரண்டு வருடம் தண்டு பிடித்தேன். பிறகு ஷ்டெஃபானைக் கட்டிக்கொண்டேன். "அதுக்குள்ள தோள் வலிச்சிடுச்சாடி?" என்று கல்யாணப் பந்தியிலேயே மானத்தை வாங்கினாள்.

காலம் மாறியது, கட்சி போயிற்று. கோடை விடுமுறையில் தலைநகரத்து இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்து, மடம் மேலும் இடியாதபடி சுவர்களைப் பூச ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு வேலை காட்ட வந்த கொத்தனார்தான் காஷ்பார். மனைவியை இழந்தவர், வாஹ் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து லூத்தரன். அவர்கள் சுரூபத்துக்கு முன் மண்டியிடமாட்டார்கள், புனிதர்களிடம் எதுவும் கேட்கமாட்டார்கள். நேராக ஆண்டவரிடம்தான் பேச்சு. எங்களுக்கு அது கொஞ்சம் திமிராகவே படும்.

மனிதர் வீடு வீடாக ஏறி, செதுக்கிய கற்களைத் திருப்பிக் கேட்டார். என் வீட்டுக்கு வந்தபோது, "பன்னிங்கள கேளுங்க," என்று அனுப்பிவிட்டேன். ஹெர்மீனாவின் நிலவறையில் முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய்மேல் பாரத்துக்கு ஒரு கல் இருந்தது. அதைப் பார்த்து மலைத்து நின்றுவிட்டார்.

"ஏம்மா, இது சம்மனசோட தலை!"

"தெரியும். கவுத்து வெச்சா கோஸ் நல்லா அமுங்குது."

"மேல சுவத்துக்கு வேணுமே."

"கோஸ் தீரட்டும், தரேன்."

"எப்ப தீரும்?"

"நீங்க சாப்பிடற வேகத்தைப் பொறுத்தது."

குளிர்காலம் முழுக்கக் கோஸ் சூப் குடிக்க வந்தார். ஈஸ்டருக்குள் பீப்பாய் காலி, தலை மேலே அதன் இடத்துக்குப் போய்விட்டது. காஷ்பார் மட்டும் வருவதை நிறுத்தவில்லை. கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். செப்டம்பர் முடியட்டும் என்றாள். மறு வருடமும் கேட்டார், மறு வருடமும் செப்டம்பர் முடியட்டும் என்றாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏன்க்கா, அந்த மனுஷன இன்னும் எத்தனை வருஷம் காயப்போடப் போற?" என்று சுவர்மேல் சாய்ந்து கேட்டேன்.

"கொத்தனார்டி அவரு. காயறதுக்குக் காத்திருக்கத் தெரிஞ்சவரு."

"வெளையாடாத."

அவள் சிரிப்பு நின்றது. "தண்டைப் பிடிச்சதால என்னென்னமோ போச்சு எனக்கு. அதையும் விட்டுட்டா நான் யாருன்னே எனக்குத் தெரியாது, லுட்மிலா."

இதையெல்லாம் கேள்விப்பட்டு எங்கள் பங்குச் சாமியார் டமியான் ஒரு வழி சொன்னார். ஓராவா மலைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த சின்னப் பையன் அவர். "ஹெர்மீனாம்மா, கல்யாணம் ஆனவங்க தூக்கக் கூடாதுன்னு சபையில எந்தச் சட்டமும் இல்ல. பண்ணிக்கிட்டே தூக்குங்க," என்றார்.

"அப்ப இத்தனை வருஷம் நான் சும்மாவா காத்திருந்தேன் சாமி?" என்று சீறினாள்.

அந்தக் கோடையில் கோபுர வேலை முடிந்தது. காஷ்பார் கரணையைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "எனக்கு இங்க இனிமே வேலை இல்ல. வேணும்னா சொல்லு, இருக்கேன். இல்லேன்னா என் மக வீட்டுக்குப் போறேன். உன்னைப் பாத்துப் பாத்து நானே இடிஞ்ச மடமாயிட்டேன்," என்றார். ஹெர்மீனா அசைந்து கொடுத்தாள். கடைசியாக ஒருமுறை தூக்குவது, அதற்கு அடுத்த ஞாயிறு ஓலை வாசிப்பது, அக்டோபரில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

திருவிழா ஞாயிறு கீழே ஊர்க் கோவில் நிரம்பி வழிந்தது. கன்னத்தில் துணி கட்டிய பல்வலிக்காரர்கள், ஊதுகுழல் பாண்டு, மணி தங்களிடம் இருக்கிறது என்ற மிதப்போடு டுபோவ்காக்காரர்கள். வெளியே வாத்துக் கொழுப்பு தடவிய உருளைக்கிழங்கு ரொட்டியும் புது திராட்சைக் கள்ளும் மணத்தன. நால்வரும் பல்லக்கைத் தோளில் ஏற்றி நின்றார்கள். அப்போதுதான் டமியான் சாமியாருக்கு உற்சாகம் பொங்கியது. இவ்வளவு கூட்டம் இனி எப்போது கிடைக்கும் என்று, புறப்பாட்டு அறிவிப்போடு சேர்த்து ஓலையையும் வாசித்துவிட்டார். மலைநாட்டுப் பிள்ளை, எங்கள் வழக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள்," என்று வேறு சிரித்துக்கொண்டே முடித்தார்.

டுபோவ்காப் பெண் ஒருத்தி கணீரென்று சொன்னாள்: "யாவோரின்காவுல இப்ப கல்யாணப் பொண்ணுங்கதான் பல்லக்குத் தூக்குதுங்களாம்!" எங்கள் பெண்களே, "எறக்கு, எறக்கு," என்று முணுமுணுத்தார்கள். மாற்றி நிற்க ஆளில்லை. எங்கள் பெண்களெல்லாம் வியன்னாவில் சம்பளத்துக்குக் கிழவிகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார்கள், என் மகளும்தான்.

"எனக்குத் தெரியும்!" என்று ஒரு குரல் கேட்டது. பார்த்தால் ஹெர்மீனா.

"என்னம்மா தெரியும்?"

"தடை. நான்தான் தடை. இவளைத் தூக்கிட்டுப் போயி, திரும்பக் கொண்டாந்து எறக்கற வரைக்கும் அந்தக் கல்யாணம் ஆகாது. அதுக்கப்புறம் என்னன்னு அப்புறம் சொல்றேன்."

சாமியாருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. ஆனாலும் கெட்டிக்காரப் பையன்தான். "தடை ஏற்றுக்கொள்ளப்பட்டது. புறப்படுங்கள்!" என்றார். பாண்டு முழங்கியது. கடைசி வரிசையில் தொப்பியைக் கையில் பிடித்து நின்ற காஷ்பாரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

ஊர்வலத்தின் வாலில் அவரும் ஏறினார். நான் பக்கத்தில் நடந்தேன்.

"அப்புறம் என்ன சொல்வா?" என்றார்.

"எனக்கெப்படித் தெரியும்?"

"தண்டை விடமாட்டா. அவ எடத்துல இருந்தா நானும் விடமாட்டேன்."

"பின்ன எதுக்கு மூச்சு வாங்க ஏறி வர்றீங்க?"

"கோபுரம் சரியா நிக்குதான்னு பாக்க," என்று பொய் சொன்னார்.

மேலே வானம்தான் கூரை. பாடற்பூசை முழுக்க ஹெர்மீனா தண்டின்மேல் கை வைத்தபடி நின்று, துடைக்கக்கூட இல்லாமல் அழுதாள். எனக்கு அவள்மேல் கோபம், அந்தப் பையன் சாமியார்மேல் கோபம், அந்த வழக்கத்தின்மேலும் கோபம். நானும் அழுதேன்.

கீழே வந்து கோவிலில் பல்லக்கை மரமுக்காலிகள்மேல் இறக்கினார்கள். மற்ற மூவரும் விலகிப் போனார்கள். ஹெர்மீனா மட்டும் தோளைத் தண்டின் அடியிலிருந்து எடுக்கவில்லை. பாரம் முழுக்க முக்காலியில் இருக்க, இவள் குனிந்து தாங்கியபடியே நின்றாள்.

"ஹெர்மீனாம்மா, அந்தத் தடை..." என்று சாமியார் மெல்ல ஆரம்பித்தார்.

அவள் காஷ்பாரைப் பார்த்தாள், அப்பொலோனியாவைப் பார்த்தாள், மறுபடி தரையைப் பார்த்தாள். போச்சு, மனிதர் மகள் வீட்டுக்குப் பேருந்து ஏறப்போகிறார் என்று நினைத்தேன்.

காஷ்பார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். ஹெர்மீனாவிடம் போகவில்லை. நேரே சுரூபத்தின் முன்னால் போய் நின்றார். பெண் கேட்கப் போகும் மாப்பிள்ளையைப்போலச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"அம்மா, எனக்கு உங்ககிட்ட பேசிப் பழக்கமில்ல," என்றார். "இவளைப் பெத்தவங்க போயிட்டாங்க. யார்கிட்டப் போயி பொண்ணு கேக்கறதுன்னு எனக்குத் தெரியல. இத்தனை வருஷமா இவளை வெச்சிருந்தது நீங்கதான். எனக்குக் குடுங்க. நல்லா பாத்துக்கறேன்."

ஹெர்மீனா நிமிர்ந்து, அப்பொலோனியாவின் மர வாயருகே காதைக் கொண்டுபோய் வைத்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு தண்டின் அடியிலிருந்து தோளை உருவிக்கொண்டு, ரவிக்கைக் கையால் மூக்கைத் துடைத்தாள்.

"சரிங்கறா," என்றாள்.